வீணைக்கு ஒரு பலா

பலா மரத்தைப் பற்றி நம்மவர் பேசும்போதெல்லாம் பேச்சு சுளையில் தொடங்கிச் சுளையிலேயே முடிந்துவிடுவது எனக்கு வெகுநாளாக ஒரு மனக்குறை. முக்கனிகளுள் ஒன்றென்று அதைக் கொண்டாடுவது நியாயந்தான். ஆயினும், வருஷம் முழுவதும் பசுமை மாறாமல் நின்று, ஒரு தலைமுறைக்குக் காய்த்துக் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் தன் உடம்பைத் தச்சனுக்கும் வாத்தியம் செய்பவனுக்கும் அளிக்கின்ற ஒரு விருட்சத்தை வெறும் பழமரமாக மட்டும் எண்ணுவது அதற்குச் செய்யும் அநீதி என்பது என் திடமான அபிப்பிராயம்.

தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரிகள் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவைத் தேடி வாங்குவது நெடுங்கால வழக்கம். மரம் முற்றி வைரம் பாய்ந்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்கும் முதல் இலட்சணம். அத்தகைய கட்டை அறுத்த அன்று நல்ல மஞ்சளாக இருந்து, காற்றும் வெளிச்சமும் பட்டு நாளடைவில் செம்பழுப்பாக மாறும். கறையான் அதை எளிதில் அண்டாது. குடத்தையும் தண்டியையும் தனித்தனியே செய்து பொருத்துவது ஒட்டு வீணை. இரண்டும் ஒரே மரத்துண்டில் இழைந்து வருவது ஏகாண்ட வீணை. பின்னதைச் செய்வதற்கு அகலமான அடிமரம் இருந்தால் மட்டும் போதாது; கிளைக்கணு குறுக்கிடாமல் நாலடி நீளமாவது மரம் நேராக ஓடியிருக்க வேண்டும். மிருதங்கத்தின் கட்டையும் தவிலின் கட்டையும் பலாவே ஆகையால், வீணைக் கச்சேரி ஒன்றில் மீட்டுகிறவர் மடியிலும் தாளம் சொல்லுகிறவர் மடியிலும் ஒரே ஜாதி மரம் இருந்து பேசுகிறது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஆனந்தம் உண்டாகிறது.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூர்ப் பிரதேசத்தைத் தாக்கியபோது, பண்ணுருட்டிச் செம்மண்ணில் பாட்டன்மார் வைத்துவிட்டுப் போன பலாக்களும் அவற்றோடு முந்திரிகளும் ஏராளமாக வேரோடு சாய்ந்தன. தோப்பை இழந்தவன் மறுபடி நடும்போது ஒட்டுக்கன்றை நாடினால் அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது; கொட்டையிலிருந்து எழுந்த மரம் காய்ப்புக்கு வர ஏழெட்டு வருஷம் ஆகும், ஒட்டோ நாலைந்து வருஷத்தில் பலன் காட்டிவிடும். பணிக்கன்குப்பத்து நாட்டு மரத்திலிருந்து தேர்ந்தெடுத்துப் பாலூர் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட பாலூர் 1 போன்ற ரகங்களில் தாய்மரத்தின் குணம் பிசகாமல் கிடைப்பதற்கும் ஒட்டுதான் வழி. ஆனால் ஒட்டு மரம் பெரும்பாலும் தாழவே கிளைத்துப் படர்வது. பறிப்பவனுக்கு அது சௌகரியம், வீணை ஆசாரிக்கு அதனால் ஆகப்போவது சொற்பம்.

ஆகவே, ஒட்டுத் தோப்பு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வேலியோரத்தில் கொட்டை ஊன்றி இரண்டொரு மரமாவது வளர்க்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். பலா அயல்மகரந்தத்தால் கருக்கொள்வது. ஒரே பழத்துக் கொட்டைகளில் ஒன்று கெட்டிச் சுளையுள்ள வருக்கையாகவும் மற்றொன்று குழைந்த சுளையுள்ள கூழனாகவும் எழலாம். சுளை எப்படி அமைந்தாலும் கட்டை வீண்போகாது. காய்க்கும் பருவத்தில், விரல் பருமனுள்ள ஆண்பூந்திரிகள் மஞ்சள் மகரந்தத்தைத் தூவிவிட்டுக் கறுத்து, பூஞ்சணம் படர்ந்து உதிர்வதைக் கண்டு, பிஞ்செல்லாம் போயிற்றென்று கலங்குவோர் உண்டு. அது மரத்தின் சுபாவம். அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் தடித்த காம்போடு நிற்கும் பெண்பூக்களே பழமாகின்றன.

இலங்கையில் பலாவை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி பெறவேண்டும். அங்கே அது ஏழைகளின் பஞ்சகால உணவாக இருந்து வந்திருப்பதோடு, அதன் வைரச் சீவல்களைக் காய்ச்சிய சாயத்தில் பௌத்த பிக்குகளின் துவராடை நிறம் பெற்றதும் உண்டு. இவ்விஷயத்தில் அந்நாட்டாரின் மதிப்பு நம்மிடமும் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கொட்டையைக் காயவைத்துச் சேமித்தால் அதன் உயிர் போய்விடும். பழம் அறுத்தவுடன் வழவழப்பு நீங்கக் கழுவி, நிழலில் ஈரம் ஆறவிட்டு, ஒரு மாதத்துக்குள் ஊன்றிவிடுவது நலம். ஆணிவேர் மென்மையானதாகையால் நாற்றைப் பிடுங்கி நடுவதைக் காட்டிலும், மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே, தண்ணீர் தேங்காத மேட்டில், இரண்டு மூன்று கொட்டைகளாக ஊன்றி, திடமானதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். முதல் சில வருஷங்கள் தாழ்ந்த பக்கக்கிளைகளை இளசாக இருக்கும்போதே நீக்கிவந்தால் அடிமரம் நேராக ஓங்கும். பலா இலை என்றால் ஆட்டுக்கு உயிர். கன்று ஆளுயரம் தாண்டும் வரையில் முள்வேலி அவசியம்.