பட்டறையில் எத்தனை காலம் 'பையன்'?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் கிராமங்களில் ஒரு பேச்சு எழும். மதிப்பெண் நன்றாக இருந்தால் பிளஸ் 1. குறைந்துவிட்டால், "படிப்பு ஏறலை, ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடு" என்பார்கள். மெக்கானிக் வேலை என்பது தோற்றவனுக்கான வேலை என்ற எண்ணம் எல்லாச் சாதியிலும் இருக்கிறது. ஆனால், அந்த எண்ணத்தால் அதிகம் இழப்பவர்கள் தலித் இளைஞர்கள். மற்றவர்களுக்கு நிலமோ கடையோ குடும்பத் தொழிலோ கைகொடுக்கும். அது எதுவும் இல்லாத வீட்டில் கைத்தொழில்தான் முதல். அந்தத் தொழிலுக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பது வாழ்நாள் முழுவதற்கும் கணக்காகிறது.

குலம் கேட்காத தொழில்

வாகனம் பழுதுபார்ப்பது எந்தச் சாதிக்கும் உரிய குலத்தொழில் அல்ல. மோட்டார் வாகனம் வந்த பிறகு பிறந்த தொழில் இது. பறை, தோல், துப்புரவு, மண்வேலை என்று பிறப்போடு ஒட்டவைக்கப்பட்ட வேலைகளில் இருந்து வெளியேற நினைப்பவருக்கு இதன் அருமை தெரியும்.

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதம் புதிதல்ல. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்றது. 'குலக்கல்வி' என்று எதிர்ப்பு கிளம்பி, 1954-ல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. 2023-ல் ஒன்றிய அரசு 18 பாரம்பரியத் தொழில்களுக்காக பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோதும், குடும்பத் தொழிலை நிபந்தனையாக்கும் வடிவத்தில் அதை ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு கூறியது.

அம்பேத்கரும் தொழில்நுட்பக் கல்வியை இந்தக் கண்ணோடுதான் பார்த்தார். தாழ்த்தப்பட்ட மாணவர்கள் அறிவியல், தொழில்நுட்பம் படிக்க அரசு உதவித்தொகை தர வேண்டும் என்று 1942-ல் வைஸ்ராய் லின்லித்கோவிடம் மனு அளித்தார். புதிய தொழில் என்றால் பழைய அடையாளம் கழலும் வாய்ப்பு என்பது அதன் அடிப்படை.

பட்டறையில் இது ஓரளவு நடக்கவும் செய்கிறது. நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டால், ஸ்பேனர் பிடித்திருப்பவர் எந்தத் தெருக்காரர் என்று யாரும் கேட்பதில்லை. டீக்கடையில் தனிக் குவளை வைத்த ஊரிலும் தனி ஸ்பேனர் வைத்ததில்லை.

பக்கவாசலில் நுழைந்தவர்கள்

அப்படியானால் சொந்தப் பட்டறை வைத்திருக்கும் தலித்துகள் ஏன் ஊருக்கு ஊர் இல்லை? நுழைந்த வழியில்தான் பதில் இருக்கிறது.

தெரிந்தவர் மூலம் ஒரு பட்டறையில் சேர்வார்கள். முதல் வருடம் வண்டி கழுவுவது, பஞ்சர் ஒட்டுவது, டீ வாங்கி வருவது. பிறகு ஆயில் மாற்றுவது, செயின் டைட் வைப்பது, பிரேக் ஷூ மாற்றுவது. இன்ஜின் வேலைக்கு வருவதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். சம்பளம் என்று பேச்சு இருக்காது. சாப்பாட்டுக் காசு, பண்டிகைக்குத் துணி. 'தொழில் கற்றுத்தருகிறேன்' என்பதே கூலியாகிவிடும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்பது 2016-ல் திருத்தப்பட்ட சட்டம். பள்ளி விடுமுறையில் 'சும்மா பழகட்டும்' என்று அனுப்புவதும் பிறகு பள்ளியை மறப்பதும் அந்தச் சட்டத்தைத் தாண்டித்தான் நடக்கிறது.

வேலை பழகுவது குற்றமல்ல. காதால் இன்ஜின் சத்தம் கேட்டு டேப்பட் தளர்ந்திருக்கிறதா, பிஸ்டன் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லும் திறமை பட்டறையில்தான் வரும். சிக்கல் அதற்குப் பிறகு. எல்லா வேலையும் தெரிந்த முப்பது வயதுக்காரரை வாடிக்கையாளர் அப்போதும் "அந்தப் பையனைக் கூப்பிடு" என்பார். கையில் சான்றிதழ் இல்லாததால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கோ போக்குவரத்துக் கழகப் பணிமனைக்கோ போக முடியாது. ஈடு காட்ட சொத்து இல்லாததால் வங்கிக்கும் போக முடியாது. கடைத்தெருவில் இடம் வாடகைக்குக் கேட்டால், வண்டியைக் கொடுக்கும்போது கேட்காத கேள்வியை அப்போது கேட்பார்கள்: "எந்தத் தெரு?"

கைக்குச் சாதி இல்லை, கடைக்கு இருக்கிறது. சான்றிதழ், முதல், இடம் ஆகிய மூன்றிலும்தான் அது ஒளிந்திருக்கிறது.

தொழிலே மாறுகிறது

இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. புதிய பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. முன்பு ஒரு ஸ்க்ரூவைத் திருப்பி டியூனிங் செய்தோம். இப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது என்பதை சென்சார்கள் தரும் தகவலை வைத்து இ.சி.யூ. என்ற சிறு கணினி முடிவு செய்கிறது. மீட்டரில் 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தால், ஸ்கேனரைப் பொருத்தி, வரும் குறியீட்டைப் படித்து, எந்த சென்சார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வயரிங் படம் படிக்கவும் மல்டிமீட்டர் பிடிக்கவும் தெரிய வேண்டும்.

மின்சார ஸ்கூட்டரில் ஆயில் சர்வீஸ், பிளக், கிளட்ச் பிளேட் எதுவும் கிடையாது. பட்டறையின் அன்றாட வருமானமே இவைதான். பதிலாக பேட்டரி, மோட்டார், கன்ட்ரோலர் இருக்கின்றன. முறை தெரியாமல் பேட்டரியைப் பிரித்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மின்சார இருசக்கர வாகனங்கள் தயாராகின்றன. அவை நம் ஊர்த் தெருக்களிலும் ஓடத் தொடங்கிவிட்டன.

கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். பழைய கைத்திறன் வீணாகாது. ஆனால், பார்த்துப் பழகியே முழு மெக்கானிக் ஆகிவிடலாம் என்ற காலம் முடிகிறது. பக்கவாசல் குறுகும்போது அதை மட்டும் நம்பியிருப்பவரே முதலில் வெளியே நிற்பார். அதனால்தான் முன்வாசலைப் பற்றி இப்போது பேச வேண்டியிருக்கிறது.

முன்வாசல்: ஐ.டி.ஐ.

அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு 2 ஆண்டு, டீசல் மெக்கானிக் 1 ஆண்டு. இரண்டுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். விவரக் குறிப்பேட்டில் 'கம்மியர்' என்று இருக்கும். மெக்கானிக்குக்கு அரசு வைத்திருக்கும் சொல் அது. பத்தாம் வகுப்பில் தவறியவர்கள் துணைத் தேர்வை எழுதிவிட்டு வரலாம். எட்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கு வெல்டர் போன்ற பிரிவுகள் உள்ளன; வாகனத் தொழிலில் வெல்டருக்கும் இடமுண்டு. ஆண்களுக்கு வயது வரம்பு 40. பெண்களுக்கு உச்சவரம்பு இல்லை.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பாடநூல், பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் படித்து வந்தவர்களுக்கு, பெண்கள் என்றால் புதுமைப் பெண், ஆண்கள் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கூடுதலாக வரும். 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து புதிய எந்திரங்களோடு தரம் உயர்த்தப்பட்டிருக்கின்றன. மின்சார வாகனம் சார்ந்த பயிற்சி உங்கள் பகுதியில் எங்கே இருக்கிறது என்று விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடஒதுக்கீட்டையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆதிதிராவிடர்களுக்கு 18 சதவீதம். அதற்குள் அருந்ததியர்களுக்கு 3 சதவீதம். 2009-ல் இயற்றப்பட்ட இந்த உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பழங்குடியினருக்கு 1 சதவீதம். 24 பேர் கொண்ட ஒரு வகுப்பில் 18 சதவீதம் என்பது நான்கு இடத்தைச் சற்றே தாண்டும். 'நமக்கு நான்கு இடம்தான்' என்று ஒதுங்கக் கூடாது. 31 சதவீதப் பொதுப் போட்டி இடங்கள் எல்லோருக்கும் உரியவை. நல்ல மதிப்பெண் உள்ள தலித் மாணவர் பொது இடத்தில் வந்தால், ஒதுக்கீட்டு இடம் இன்னொருவருக்குக் கிடைக்கும்.

படிப்பு முடிந்ததும் பழகுநர் பயிற்சி. 1961-ம் ஆண்டு பழகுநர் சட்டத்தின் 3ஏ பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. இதில் தனியார் நிறுவனங்களும் அடக்கம். தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்டுக் குரல் கொடுக்கும் நாம், சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் இந்த ஒன்றைக் கேட்டு வாங்குவது குறைவு. உதவித்தொகை கட்டாயம். பயிற்சி முடித்தாலே நிரந்தர வேலை என்று எண்ண வேண்டாம்; ஆனால் சர்வீஸ் சென்டர், பெரிய பணிமனை என்று வாசல் திறக்க அந்தச் சான்றிதழ் உதவும். மேலே படிக்க விரும்பினால், 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

ஏற்கெனவே பட்டறையில் இருப்பவர்களுக்கு

பத்து வருடமாக வேலை செய்பவர் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. தொழில் அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிப்பு வெளியிடுகிறது. அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விசாரித்தால் தகுதியும் தேதியும் சொல்வார்கள். செய்முறையில் இவர்களை யாரும் மிஞ்ச முடியாது. எழுத்துத் தேர்வுக்குத்தான் பயிற்சி வேண்டும். ஊரில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த இளைஞர்கள் மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும். இரவுப் பாடசாலை நடத்திப் பழகிய சமூகம்தானே நாம்.

அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் பதிவு செய்யலாம். பதிவு அட்டை, இத்தனை ஆண்டு இந்தத் தொழிலில் இருக்கிறார் என்பதற்கான சாட்சியாகவும் பயன்படும்.

சொந்தப் பட்டறை

கடனுக்கு வழி இருக்கிறது. தாட்கோவின் 'சி.எம். அரைஸ்' திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் மானியம். 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பட்டியல் சாதியினருக்கு 35 சதவீத மானியம். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். பைக் பட்டறைக்குத் தேவை ஸ்பேனர் செட், ஏர் கம்ப்ரஸர், வண்டி ஏற்றும் ஸ்டாண்ட், ஸ்கேனர், கொஞ்சம் உதிரி பாகம். இதற்குக் கோடிகள் தேவையில்லை.

ஆனால், மானியத்தை அரசு அறிவிக்கிறது. கடனை வங்கி தர வேண்டும். மாவட்ட அளவிலான தேர்வுக் குழு பரிந்துரைத்த விண்ணப்பம் வங்கிக் கிளையில் தூங்கினால் திட்டம் அங்கேயே முடிந்துவிடும். இடம் இன்னும் பெரிய தடை. குடியிருப்பு ஊருக்கு வெளியே, கடைத்தெரு ஊருக்குள் என்ற அமைப்பை எந்த மானியமும் தானாக மாற்றாது.

ஆகவே, கேட்க வேண்டியவை இவை. பேரூராட்சி, ஊராட்சி ஒன்றிய வணிக வளாகங்களிலும் பேருந்து நிலையக் கடைகளிலும் ஐ.டி.ஐ. முடித்த தலித் இளைஞர்களுக்கு நியாயமான வாடகையில் இடம் வேண்டும். தாட்கோ விண்ணப்பங்களில் எத்தனையை எந்த வங்கிக் கிளை ஏன் நிராகரித்தது என்பதை மாவட்ட ஆட்சியர் வெளியிட வேண்டும். பழகுநர் இடங்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு பெரிய பணிமனையும் அறிவிக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் ஐ.டி.ஐ. விண்ணப்பத்துக்கு உதவி மையம் வைக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் கடைசி நாளில் வாய்ப்பை இழக்கும் நிலை அத்தோடு தீரும்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். சாலையில் ஓடும் வண்டிகளைப் பழுதுபார்க்கும் கைகளிலும் அந்தப் பங்கு இருக்கலாம்; பட்டறைப் பெயர்ப்பலகைகளில் இருக்கிறதா என்பதே கேள்வி. இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முன், ஒருமுறை பக்கத்து அரசு ஐ.டி.ஐ. வாசலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.