மடிப்பில் கிழியும் பட்டு



எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு நிக்காஹ் பேசி முடிந்ததும் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. உம்மும்மாவின் கல்யாணச் சேலையைத்தான் உடுக்க வேண்டுமாம். என் உம்மாவுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மதராசிலிருந்து வாப்பா எடுப்பித்த காஞ்சிபுரம் பட்டு அது. வாழ்நாளில் நாலைந்து தடவைதான் உடுத்திருப்பார். அலுமாரியின் மேல்தட்டில், பொலித்தீன் பையில் சுற்றி, கட்டியது கட்டியபடி இருந்தது. எடுத்து விரித்தால், மடிப்பு இருந்த இடமெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டியது போல நேர்கோட்டில் பிளந்து போயிருக்கிறது. "நான் பத்திரமாத்தானே வெச்சிருந்தன்" என்று உம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

பத்திரம் செய்த வேலைதான் அது. பட்டுச் சேலை உடுத்துக் கெடுவதை விட, உடுக்காமல் கிடந்து கெடுவதே அதிகம்.

பட்டு என்பது ஒரு புழு தன் கூட்டுக்காக நூற்ற இழை. நமது தலைமுடியைப் போல அதுவும் புரதம். அசல் சரிகையோ, பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. நெசவில் இழையும் உலோகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே மடிப்பில் வருடக்கணக்காக அமுங்கிக் கிடந்தால், அந்த வரியில் உள்ள இழைகள் மெல்ல மெல்ல அற்றுவிடுகின்றன. ஆகவே மூன்று மாதத்துக்கொரு தடவை சேலையை வெளியே எடுத்து மடிப்பை மாற்றுங்கள். இன்று இரண்டாக மடித்தது என்றால் அடுத்த தடவை மூன்றாக மடியுங்கள். பழைய வரியின் மேல் புதிய வரி விழக் கூடாது, அவ்வளவுதான். மேலே பாரமான உடுப்புகளை அடுக்கவும் வேண்டாம்.

பொலித்தீன் பை நமது நாட்டுக்குச் சரிவராது. உள்ளே அகப்பட்ட ஈரலிப்பு வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். கிழக்கில் மாரி காலத்தில் அலுமாரிக் கதவைத் திறந்தாலே ஒரு மணம் வருமே, அதுதான். பல தடவை கழுவி மிருதுவான பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கஞ்சி போட்ட துணி வேண்டாம். கஞ்சியைத் தின்னவே பூச்சி வரும். பத்திரிகைக் கடதாசியும் வேண்டாம். நெப்தலின் உருண்டையைச் சேலைக்குள் செருகி வைக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது சரிகையிலோ பட்டிலோ படக் கூடாது. சிறு துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைத்தால் போதும். அதனுடன் கற்பூரத்தையும் சேர்த்து வைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒன்றுபட்டால் இளகிக் கறையாகிவிடும். மழை ஓய்ந்த ஒரு நாளில் நிழலில், காற்றோட்டத்தில் ஓரிரு மணி நேரம் விரித்து வையுங்கள். வெயில் மாத்திரம் ஆகாது. அது நிறத்தையும் எடுக்கும், இழையின் பலத்தையும் எடுக்கும்.

இனி, கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வந்த இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். களைத்துப் போய் வருகிறோம். சேலையைக் களைந்து, மடித்து, அலுமாரியில் வைத்துவிட்டுப் படுக்கிறோம். வியர்வை காயாமல் உள்ளேயே இருக்கும். அன்றிரவு அதைக் கொடியில் அகலமாகப் போட்டு விடுங்கள். மறுநாள் பகல் வெளிச்சத்தில் கரை, தலைப்பு, மடியில் வரும் பகுதி எல்லாவற்றையும் பாருங்கள்.

சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டால் நெய் படாமல் இருக்குமா? பட்டவுடன் தண்ணீரைத் தொட்டுத் தேய்க்கிறோம். பட்டில் செய்யக் கூடாத காரியம் அது. நெய்க்கறை போகாது; தண்ணீர் வட்டம் வேறு விழும், தேய்த்த இடம் மினுக்கம் இழந்து வெளிறும். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, வீட்டுக்கு வந்ததும் கறையின் மேல் முகப் பவுடரைத் தூவி இரவு முழுக்க விடுங்கள். காலையில் மெல்லத் தட்டினால் பவுடர் எண்ணெயை இழுத்துக் கொண்டு வரும். வேண்டுமானால் இன்னொரு தடவை செய்யலாம். சர்பத், பலூடா சிந்தினால் காய்ந்ததும் ஒன்றும் தெரியாது. தெரியவில்லையே என்று மடித்து வைத்தால், அந்தச் சீனி சில மாதங்களில் மஞ்சளாகித் தலைகாட்டும்.

மருதோன்றிக் கறைக்கு மருந்து கிடையாது. நமது தோலையும் நகத்தையும் பிடிப்பது போலவே அது பட்டையும் பிடித்துக் கொள்ளும், எல்லாம் புரதமல்லவா. மணப்பெண்ணுக்கு முந்திய நாளே போட்டுக் காய்ந்து உதிர்ந்த பிறகு சேலையைத் தொடுங்கள். அத்தரையும் சென்ட்டையும் சேலை உடுக்க முன்பே பூசிக் கொள்ளுங்கள்.

வீட்டில் தோய்க்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். சரிகைப் பட்டை, அதிலும் கரை ஒரு நிறம் உடல் ஒரு நிறமாக உள்ளதை, நான் தோய்க்க மாட்டேன். ஒரு நிறம் இளகினால் மற்றதில் ஏறும். சலவைச் சவர்க்காரத்தின் காரம் பட்டுக்குப் பகை. சலவைத் தூள்களில் பலவற்றில், இறைச்சி, முட்டை போன்ற புரதக் கறைகளைக் கரைப்பதற்கென்றே நொதியம் சேர்க்கிறார்கள். பட்டே புரதம் என்றால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளோரீன் வெளுப்பான் பட்டையே கரைத்துவிடும். ட்ரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். ஆனால் ஒவ்வொரு தடவை உடுத்ததும் அல்ல. கொடுக்கும் போது கறை உள்ள இடத்தில் ஒரு நூலைத் தளர்வாகக் கோத்து அடையாளம் வைத்து, அது நெய்யா, தேநீரா என்றும் சொல்லுங்கள். சரிகை கறுத்தால் எலுமிச்சம் பழமோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்போடு பொன் முலாமும் போய்விடும்.

பட்டு என்று சொல்லி விற்பதெல்லாம் பட்டல்ல. சந்தேகமானால் உள்முனையிலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். முடி கருகும் மணம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் பட்டு. உருகி மணி போலக் கட்டியானால் பொலியெஸ்டர். ஆண்களின் டைக்கும் இதே சோதனைதான். தூய பட்டு ஆண்களுக்கு ஆகாது என்பதால், வெளிநாட்டிலிருந்து யாரும் கொண்டு வந்து தரும் டையை உள்மடிப்பில் ஓர் இழை எடுத்துப் பார்த்துக் கொள்வது நல்லது. எதுவானாலும் டையைத் தண்ணீரில் போடாதீர்கள். குறுக்குச் சாய்வில் வெட்டி, உள்ளே வேறொரு துணி வைத்துத் தைத்தது அது. நனைந்தால் இரண்டும் இரண்டு விதமாகச் சுருங்கி முறுக்கிக் கொள்ளும்.

உம்மாவின் சேலையை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பிளந்த உடல் பகுதிக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. கரை மாத்திரம் பெரும்பாலும் நன்றாக இருந்தது. அதைப் பிரித்தெடுத்து, அடியில் மெல்லிய பருத்தித் துணி கொடுத்து, பிள்ளையின் முக்காட்டு ஓரத்தில் கையால் தைத்தோம். சரிகையின் கறுப்பை எடுக்கவில்லை.