மூட்டைக்கு எவ்வளவு ஏமாந்தோம்?

வீடு கட்டுற யாரையாவது பிடிச்சு, ‘சிமென்ட் என்ன விலைங்க?’னு கேட்டுப் பாருங்க. அரை மணி நேரம் புலம்புவார். உத்திரமேரூர் பஜார்ல எந்த பிராண்டைக் கேட்டாலும் விலை அக்கா தங்கச்சி மாதிரி ஒரே சாயல்ல இருக்கும். ‘கம்பெனிக்காரங்க எல்லாம் பேசி வச்சுக்கிட்டுதான் ஏத்துறாங்க தம்பி’ங்கிறது மேஸ்திரிங்க வாய்ல அடிக்கடி வர்ற டயலாக்.

இதையே இந்தியப் போட்டி ஆணையம் (சி.சி.ஐ.) 2012 ஜூன்ல தீர்ப்பாவே எழுதிச்சு. பில்டர்ஸ் அசோசியேஷன் கொடுத்த புகார்ல, 11 சிமென்ட் கம்பெனிகளுக்கு சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம். ‘விலையை ஏத்துவோம்’னு கையெழுத்து போட்ட பேப்பர் ஒண்ணும் சிக்கல. சிக்கினது நம்பர்கள். கம்பெனிகளோட விலை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே நகர்ந்திருக்கு. 2009-10ல ஆலைகள் தங்களோட திறன்ல 83 சதவீதம் ஓடியிருக்கு. அடுத்த வருஷம் 73 சதவீதம்தான். சரக்கைக் குறைச்சா விலை ஏறும்னு ப்ளஸ் டூ எகனாமிக்ஸ்லயே படிச்சிருப்பீங்க.

அந்த உத்தரவு 2015ல ரத்தாச்சு. காரணம் செம காமெடி. வாதத்தைக் கேட்காத ஆணையத் தலைவரும் தீர்ப்புல கையெழுத்து போட்டிருந்தார்! மறுபடி விசாரிச்சு, 2016ல 6,700 கோடிக்கு மேல அபராதம். 2018 ஜூலைல தீர்ப்பாயம் அதை உறுதி செஞ்சுது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. பத்து சதவீதத்தைக் கட்டச் சொல்லி, மிச்சத்துக்குத் தடை கிடைச்சுது.

சரி, அபராதம் வசூலானா யாருக்குப் போகும்? அரசாங்கக் கஜானாவுக்கு. மூட்டை வாங்கினவருக்கு ஒத்தப் பைசா கிடையாது. அவர் போட்டிச் சட்டத்தோட 53என் பிரிவுல தனியா நஷ்டஈடு கேக்கணும். அங்கதான் கணக்கு வாத்தியார் பிரம்போட நிக்கிறார்: ‘கூட்டு இல்லாம இருந்திருந்தா விலை எவ்வளவு இருந்திருக்கும்?’

நடக்காத ஒண்ணோட விலையை எப்படிச் சொல்றது? ஒரு பேச்சுக்கு, வீட்டுக்கு 500 மூட்டை, மூட்டை 300 ரூபாய்னு வச்சுக்குங்க. நியாய விலை 285னா நஷ்டம் 7,500. 270னா 15,000. அந்தப் பதினஞ்சு ரூபாய் வித்தியாசத்துக்குத்தான் இரண்டு பக்கமும் பொருளாதார நிபுணர்கள் மல்லுக்கட்டுவாங்க. கூட்டுக்கு முன்னாடி, பின்னாடி இருந்த விலையை ஒப்பிடலாம். ஆனா டீசல், நிலக்கரி, கூலி எல்லாம் நடுவுல ஏறியிருக்குமே, அதைக் கழிக்கணும். மழைக்காலத்துல வேலை படுத்துடும், அதையும் பார்க்கணும். இல்லைன்னா கூட்டு இல்லாத வேற ஊர் விலையை எடுக்கலாம். அந்த ஊருக்கு லாரி வாடகை வேற. உற்பத்திச் செலவுல நியாயமான லாபம் சேர்த்துப் பார்க்கலாம்னா, செலவுக் கணக்கு கம்பெனி பீரோவுக்குள்ள இருக்கு.

(கணக்கு காட்டாத ஆளும் அவரோட சொந்தக்காரங்களும் தேர்தல்ல நிக்கக் கூடாதுன்னு பராந்தக சோழன் காலத்துலயே கல்லுல வெட்டி வச்ச ஊர் எங்க ஊர். அந்தக் கல்வெட்டை ஒரு காப்பி எடுத்து அனுப்பலாமான்னு தோணுது.)

இன்னொரு சிக்கலும் இருக்கு. காண்ட்ராக்டர் அதிக விலையைச் சதுர அடி ரேட்ல ஏத்தி வீட்டுக்காரர் தலையில கட்டியிருந்தா, நஷ்டம் யாருக்கு?

இதுக்காக நீதிமன்றம் கையைக் கட்டிக்கிட்டு உட்காரணும்னு இல்லை. ஐரோப்பாவுல லாரி கம்பெனிகள் 1997ல இருந்து 2011 வரைக்கும் கூட்டு வச்சிருந்தது அம்பலமாகி, 2016ல பெரிய அபராதம் விழுந்துச்சு. அந்த லாரிகளை வாங்கின பிரிட்டன் தபால் நிறுவனம் ராயல் மெயில், டாஃப் கம்பெனி மேல வழக்கு போட்டுது. ‘விலை ஏறவே இல்லை’ன்னு டாஃப் வாதாடுச்சு. 2023ல தீர்ப்பாயம் இரண்டு பக்கக் கணக்கையும் அலசி, அஞ்சு சதவீதம் கூடுதலா வாங்கியிருக்கீங்கன்னு முடிவு பண்ணுச்சு. துல்லியமா வரலைன்னாலும், கிடைச்ச ஆதாரத்தை வச்சு நியாயமா மதிப்பிடலாம்ங்கிறது அங்க ஏத்துக்கிட்ட விஷயம். எனக்கு இதுதான் சரின்னு படுது. ரூபாய் பைசா சுத்தமா நிரூபிச்சாதான் காசுன்னா, கூட்டு போட்டவங்களுக்குக் கொண்டாட்டம்தான்.

ஆனா ராயல் மெயில் பெரிய கை. நம்ம இந்திய உணவுக் கழகமும் அப்படித்தான். தானியக் குடோன்ல பூச்சிக்கு வைக்கிற மாத்திரைக்கு 2009ல டெண்டர் விட்டப்போ, மூணு கம்பெனிகள் அட்சரம் பிசகாம கிலோ 388 ரூபாய்னு கேட்டாங்க. கூட்டுதான்னு 2017ல உச்ச நீதிமன்றமே உறுதி செஞ்சுது. அங்க விலை, அளவு, தேதி எல்லாம் ஃபைல்ல இருக்கு.

தனி ஆளுக்கு? ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட பல பேர் சேர்ந்து மனு போட 53என் வழி விடுது. ஆனா எத்தனை மூட்டை, என்ன விலைன்னு முதல்ல காட்டியாகணும். நம்ம ஆளுங்க கையில இருக்கிறது கடைக்காரர் துண்டுச் சீட்டுல கிறுக்கிக் கொடுத்த கணக்கு. அதுவும் கிரகப்பிரவேசத்துக்கு வீட்டைப் பெருக்கினப்பவே குப்பைக்குப் போயிருக்கும்.