மூடுவதற்கும் ஒரு முறை வேண்டும்

2023 மே மாதம் அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. 11 உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழி சிவில், மெக்கானிக்கல் படிப்புகள் 2023-24 கல்வியாண்டு முதல் கிடையாது. காரணம், சேர ஆளில்லை. எதிர்ப்பு கிளம்பியது. அதே மாதமே முடிவைத் திரும்பப் பெறுவதாகத் துணைவேந்தர் வேல்ராஜ் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். தமிழ் ஜெயிச்சாச்சு என்று பலரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார்கள்.

உண்மையில் என்ன ஜெயித்தது? மூடியது ஓர் அறிவிப்பு, திறந்தது ஒரு பேட்டி. பொது விவாதம் தொடங்கியதே அறிவிப்புக்குப் பிறகுதான். ஒரே வார்த்தையில் திறந்ததை இன்னொரு நாள் ஒரே வார்த்தையில் மறுபடியும் மூடலாம்.

தமிழ்வழிப் பொறியியல் 2010இல் தொடங்கியது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டமும் அதே ஆண்டுதான் வந்தது. கதவு திறந்தார்கள், சரி. ஆனால் கேட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். மேற்படிப்புப் புத்தகங்களும், தனியார் கம்பெனி இன்டர்வியூவும் ஆங்கிலம்தான். இதையெல்லாம் பார்க்கிற ஒரு அப்பா பிள்ளையை அங்கே சேர்க்கத் தயங்கத்தானே செய்வார்? சேர்க்கை குறைந்தது நோயின் அறிகுறி. அதையே தீர்ப்பாக எழுதிவிடக் கூடாது.

நான் இருக்கும் பலேர்மோ நகரின் சீசா பகுதியிலிருந்தும் நம் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். இத்தாலியிலும் படிப்புகளை மூடுகிறார்கள். ஆனால் 2010ஆம் ஆண்டின் 240ஆம் எண் சட்டம் அதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முடிவு எடுப்பது நிர்வாகக் குழு. அதற்கு முன் செனட்டின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும். ஆசிரியரும் மாணவரும் சம எண்ணிக்கையில் உட்காரும் ஒரு குழுவும், படிப்பைத் தொடங்குவது பற்றியும் மூடுவது பற்றியும் கருத்துச் சொல்ல வேண்டும். செனட்டிலும் நிர்வாகக் குழுவிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பிரதிநிதிகள் உண்டு. இவ்வளவு இருந்தும் தவறான முடிவுகள் வரலாம். ஆனால் யார், எந்தக் காரணத்துக்காக எடுத்த முடிவு என்று கேட்க ஒரு காகிதமாவது இருக்கும்.

ஐடி வேலையில் எங்களுக்குப் பழகிய விஷயம்தான் இது. ஒரு பழைய மென்பொருளை நிறுத்தவே முன்கூட்டித் தேதி சொல்வோம், யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுப்போம், மாற்று வழியும் காட்டுவோம். நாலு வருடப் படிப்புக்கு அந்த மரியாதைகூட வேண்டாமா?

காலி வகுப்பறையைப் பெருமைக்காக ஓட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதும் நியாயமான வாதம். அது மக்கள் வரிப்பணம். ஆகவே மூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூடுவதற்கு முன் நாலு விஷயம் செய்யுங்கள் என்கிறேன். குறைந்தது ஓராண்டு முன்பே சொல்லுங்கள். சேர்க்கையை உயர்த்த என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுத்தில் வெளியிடுங்கள். படிக்கிறவர்களையும் படித்து முடித்தவர்களையும் கேளுங்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் அதே வழியில் முடிக்க உத்தரவாதம் கொடுங்கள்.

புலம்பெயர்ந்த நமக்கும் இதில் பங்கு உண்டு. ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழகத் தமிழ்ப் பிரிவு நிதியில்லாமல் தள்ளாடியபோது, 2021இல் தமிழ்நாடு அரசு 1 கோடியே 25 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு அப்படி ஒரு துறை இருப்பதே தெரியும். நெருப்புப் பிடித்த பிறகு கிணறு வெட்டுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

இங்கே படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் துறையின் மாணவர் பிரதிநிதித் தேர்தலில் சும்மா ஓட்டுப் போடுவதோடு நிற்காமல், நீங்களே நில்லுங்கள். ஒரு படிப்பின் தலையெழுத்தை எழுதும் மேசையில் உங்களுக்கு நாற்காலி தரச் சட்டமே சொல்கிறது. ஊரில் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு நாற்காலி கேட்க வேண்டியது நம் எல்லோருடைய வேலை.