சரக்கு வண்டி கவிழ்ந்தால் சாட்சி யார்?



வத்தல்மலையிலிருந்து இறங்குகிற ஜீப்பில் ஒரு தடவையாவது உட்கார்ந்து பாருங்கள். சாமை மூட்டை, மிளகு மூட்டை, காப்பிக்கொட்டை, அதற்கு மேலே நாலு ஆள். இருபதுக்கும் மேலே கொண்டை ஊசி வளைவு. எங்க பெரியப்பாதான் ஓட்டுவார். சாவியைப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு மூட்டையையும் கையால் இழுத்துப் பார்ப்பார். "பாரம் ஒரு பக்கமா சாஞ்சுதுன்னா, வளைவுல எங்க போறதுன்னு வண்டி முடிவு பண்ணும், நான் இல்லடா" என்பார். அஞ்சாங்கிளாஸ் படிச்சவர். மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் வந்த பிறகுதான் எனக்கு அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று புரிந்தது.

நம்ம மாவட்டத்திலேயே ரயில் தடம் புரண்ட கதை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2021 நவம்பர் 12, விடியற்காலை. தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில் மலையிலிருந்து பாறை உருண்டு கண்ணூர் - யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் மேல் விழுந்தது. பெட்டிகள் தடம் புரண்டன. உள்ளே இருந்தவர்கள் 2,348 பேர். ஒரு உயிர் போகவில்லை. பேப்பரில் முதல் பக்கம், டி.வி.யில் நாள் முழுக்க. சரி, வரவேண்டியதுதான்.

ஆனால் அதே தண்டவாளத்தில் ராத்திரி பகலாக நிலக்கரி, சிமெண்ட், உரம், டீசல் ஏற்றிக்கொண்டு போகிற கூட்ஸ் வண்டி தடம் புரண்டால்? உள்பக்கத்தில் நாலு வரி. "போக்குவரத்து பாதிப்பு, பயணிகள் அவதி." அதோடு முடிந்தது! வேகன் ஏன் இறங்கியது என்று யாராவது கேட்டோமா?

கேட்பதற்கான சட்டமே அரைகுறை என்பதுதான் என் வாதம். 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் 114-ஆவது பிரிவைப் பாருங்கள். பயணிகள் வண்டிக்கு விபத்து நேர்ந்து உயிர்ச்சேதம், நிரந்தர ஊனம் தரும் படுகாயம் அல்லது ரயில்வே சொத்துக்குப் பெருஞ்சேதம் என்றால், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருகிறவர் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ். வண்டி ஓட்டுகிறவனே தன் வண்டிக்கு நீதிபதியாக இருக்கக்கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1941-ல், பிரித்து வைத்தார்கள். (அதே வருஷம்தான் நம்ம மொரப்பூர் - தருமபுரி - ஓசூர் சின்ன ரயிலையும் மூடினார்கள். அது வேறு வயிற்றெரிச்சல்.)

கூட்ஸ் வண்டி மட்டும் கவிழ்ந்தால்? ஆணையர் விருப்பப்பட்டால் விசாரிக்கலாம். கட்டாயம் இல்லை. பெரும்பாலும் ரயில்வே அதிகாரிகளே கமிட்டி போடுவார்கள். பாதை பார்க்கிற என்ஜினியரிங்காரர் "வேகன் ஸ்பிரிங் சரியில்லை" என்பார். வேகன் பார்க்கிற மெக்கானிக்கல்காரர் "டிராக்கில்தான் கோளாறு" என்பார். ஒர்க்‌ஷாப்பில் டூல் உடைந்தால் நாம் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டுவோமே, அதே கதைதான்.

உண்மையில் இரண்டு பேர் சொல்வதும் சேர்ந்துதான் காரணமாக இருக்கும். சக்கரத்தின் உள்பக்க விளிம்பு, பிளாஞ்ச், அதுதான் வண்டியைத் தண்டவாளத்தில் பிடித்து வைக்கிறது. பக்கவாட்டில் தள்ளுகிற விசை அதிகமாகி, மேலிருந்து அழுத்துகிற பாரம் குறைந்தால் பிளாஞ்ச் தண்டவாளத் தலைமேல் ஏறிவிடும். நாடால் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குச் சூத்திரம் எழுதி நூறு வருஷம் தாண்டிவிட்டது. பாதையில் ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்து முறுக்கு விழுந்திருக்கும். அதன் மேல் சரக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்த வேகன் வரும். ஒரு சக்கரம் காற்றில் நடப்பது மாதிரி லேசாகிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு குறையும் சின்னதுதான். காலி வேகன் சில சமயம் லோடு வேகனைவிடச் சுலபமாக இறங்குவதும் இதனால்தான். பெரியப்பா மூட்டையை இழுத்துப் பார்ப்பது எதற்கு என்று இப்போது தெரிகிறதா?

பாரம் என்றதும் இன்னொன்று. 2005-ஐ ஒட்டி வேகன்களில் நிர்ணயித்த அளவுக்கு மேல் 8 டன் வரை ஏற்ற அனுமதி கொடுத்தார்கள். ஆக்சில் லோடு 20.32 டன்னிலிருந்து 22.9 டன்னுக்குப் போனது. ரயில்வேக்கு நல்ல லாபம், பாராட்டும் குவிந்தது. பாரத்தை ஏற்ற ஒரு உத்தரவு போதும். தண்டவாளத்தை அதற்கு ஈடாகப் பராமரிக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும். 2022-ல் வந்த தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை தடம் புரளல் பற்றிய 1,129 விசாரணைகளை எடுத்துப் பார்த்தது. 422 என்ஜினியரிங் துறைமேல் விழுந்தன. அதில் 171 பாதைப் பராமரிப்பு சம்பந்தப்பட்டவை.

"சரக்குதானே, ஆள் சாகலையே" என்று சொல்கிறவர்களுக்கு, 2025 ஜூலை 13 திருவள்ளூர். டீசல் டேங்கர் வண்டி தடம் புரண்டு 18 டேங்கர் எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது நம் அதிர்ஷ்டம். கனடாவில் லாக் மெகான்டிக் ஊர்க்காரர்களுக்கு 2013-ல் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரே ஒரு ஆள் பொறுப்பில் நிறுத்தி வைத்த கச்சா எண்ணெய் வண்டி ராத்திரியில் தானே உருண்டு வந்து ஊர் நடுவில் வெடித்தது. 47 பேர் போனார்கள். அமெரிக்காவில் ஈஸ்ட் பாலஸ்தீன் ஊரில் 2023-ல் பேரிங் சூடாகி 38 வேகன் இறங்கியது. அங்கே விசாரித்தது ரயில் கம்பெனி இல்லை, தனி வாரியம். விஷவாயு டேங்கர்களைத் திறந்து எரித்ததே தேவையற்ற வேலை என்று 2024-ல் அந்த வாரியம் பகிரங்கமாகச் சொன்னது. தனி ஆள் விசாரித்தால்தான் இப்படிச் சொல்ல முடியும்.

இங்கேயும் உதாரணம் உண்டு. 2024 ஜூன் 17, மேற்கு வங்காளம். கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் பின்னால் கூட்ஸ் மோதியது. அன்றைக்கே, செத்துப்போன கூட்ஸ் டிரைவர் சிக்னலை மதிக்கவில்லை என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். பயணிகள் வண்டி சிக்கியதால் ஆணையர் விசாரித்தார். டிரைவர் கையில் கொடுத்த அனுமதிச் சீட்டே தவறு, அதில் வேகக் கட்டுப்பாடு இல்லை, பயிற்சியும் போதவில்லை என்று தெரிந்தது. முன்னால் நின்றதும் கூட்ஸாக இருந்திருந்தால்? பழி அந்தச் செத்த மனுஷன் தலையிலேயே நின்றிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

ரயில்வேக்குத் தனியாக, சட்டப்படியான பாதுகாப்பு ஆணையம் வேண்டும் என்று அனில் ககோட்கர் கமிட்டி 2012-லேயே எழுதிக் கொடுத்தது. இன்னும் வரவில்லை. அது வரும்வரை கூட்ஸ் தடம் புரண்ட ஒவ்வொரு விசாரணை அறிக்கையையும் பொதுவில் போடட்டும். அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? நம்மில் எத்தனை பேர் ரயில்வே ஜே.இ. பரீட்சைக்குப் படிக்கிறோம்! வேகனைச் சோதித்து பிரேக் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடப்போகிறவன் நம்மில் ஒருத்தன்தான். "வண்டி லேட்டாகுது, சீக்கிரம் போடுப்பா" என்று மேலே இருந்து போன் வரும்போது பேனா அவன் கையில் இருக்கும். அதனால் துறைத்தலைவருக்கு இந்த மலர் மூலமாக ஒரு விண்ணப்பம். அடுத்த வருஷ இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு மைசூர் பிருந்தாவனம் வேண்டாம் சார். ஜோலார்பேட்டை யார்டுக்குக் கூட்டிப் போங்கள். பஸ் காசு நாங்களே போட்டுக் கொள்கிறோம்.