பந்து தட்டியவர்களுக்கு ஒரு நாற்காலி

"ஏங்க, விளையாட்டு சோறு போடுமா?"

போன வாரம் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டம்மா கேட்ட கேள்வி. கேட்டது என்னைப் பார்த்து, குறி பையனுக்கு. அவன் பத்தாவது முடித்திருக்கிறான். மாவட்ட அணித் தேர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டார். கரமனையில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒன்று இன்ஜினியரிங் படிப்பான், இல்லை சி.ஏ. படிப்பான் என்பதுதான் எங்கள் தெருவின் எழுதாத சட்டம். இவன் லெஃப்ட் விங்கில் ஓடுகிறான்.

நான் பி.காம். பாளையங்கோட்டையில் படித்து, 2005ல் வங்கியில் சேர்ந்து, 2009ல் மாற்றலாகித் திருவனந்தபுரம் வந்தவன். எதையும் வரவு, செலவு என்று பார்த்தே பழக்கம். அதனால் மனைவியின் கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

நான் இந்த ஊருக்கு வந்தபோது எங்கள் கிளையில் ஒரு கிளார்க் இருந்தார். பெயர் வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்ந்தவர், மாநிலத்துக்காக ஆடியவர். பதினாலு வருஷம் வங்கி அணிக்கு ஆடினார். முட்டி போனதும் ஒருநாள் கவுண்ட்டரில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். நான் பார்த்தபோது முப்பத்தெட்டு வயது. கூடச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் மேனேஜர். இவருக்கு டி.டி. எழுதக்கூடத் தடுமாற்றம்.

"பதினாலு கொல்லம் பந்து களிச்சு. இனி வவுச்சர் எழுதான் படிக்கணும், அல்லே சாரே?" என்றார் முதல் நாள். பதினாலு வருஷம் பந்து ஆடியாயிற்று, இனி வவுச்சர் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே என்று அர்த்தம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆடப் போன காலமெல்லாம் சம்பளம் வாங்கியவர், அவர் வேலையையும் சேர்த்து மற்றவர்கள் செய்தார்கள், இப்போது நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று. மூத்த ஊழியர்கள் பலர் அதையே வாய்விட்டுச் சொன்னார்கள். பதவி உயர்வுக்கு எழுத்துத் தேர்வு. ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. பாஸ் பண்ணினால் இன்கிரிமென்ட். இதையெல்லாம் மற்றவர்கள் இருபத்தைந்து வயதில் முடித்தார்கள். அந்த வயதில் இவர் மழையில் கார்னர் கிக் அடித்துக்கொண்டிருந்தார். வங்கியின் பெயர் எழுதிய பனியனோடு!

இந்தக் கேரளத்தில் கால்பந்தை வளர்த்தது பெரும்பாலும் இந்த மாதிரி நாற்காலிகள்தான். எஸ்.பி.டி., டைட்டானியம், கேரளா போலீஸ்... எல்லாம் சம்பளம் கொடுத்து ஆட வைத்த இடங்கள். 1984ல் தொடங்கிய போலீஸ் அணி 1990லும் 1991லும் ஃபெடரேஷன் கப்பை ஜெயித்தது. ஐ.எம். விஜயன், வி.பி. சத்யன், பாப்பச்சன், ஷரஃபலி, குரிகேஷ் மாத்யூ எல்லாரும் ஒரே சீருடையில். எஸ்.பி.டி. 2017 ஏப்ரல் 1 அன்று எஸ்.பி.ஐ.யோடு கலந்துவிட்டது. ஆனால் 2018ல் சந்தோஷ் டிராஃபியைத் தூக்கிய கேப்டன் ராகுல் வி. ராஜ், 2022ல் மஞ்சேரியில் தூக்கிய ஜிஜோ ஜோசப் இரண்டு பேருமே எஸ்.பி.ஐ. ஊழியர்கள். நம்ம துறை என்பதால் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மன்னிக்கவும்.

விஜயனை நம்மவர்களுக்கு 'திமிரு' படத்து வில்லன் கூட்டத்திலும் 'பிகில்' படத்திலும் தெரிந்திருக்கும். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். போலீஸ் அணியில் ஆரம்பித்து, மோகன் பகான், ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால் என்று இந்தியா முழுக்கச் சுற்றினார். 2003ல் அர்ஜுனா விருது. பிறகு மறுபடி போலீசுக்கே வந்து, 2025 ஏப்ரலில் மலப்புறம் எம்.எஸ்.பி.யில் டெபுடி கமாண்டன்டாக ஓய்வு பெற்றார். அதே வருஷம் பத்மஸ்ரீ. ஷரஃபலி 2023ல் கேரள ஸ்போர்ட்ஸ் கவுன்சில் தலைவரானார். ஆக, நாற்காலி வேலை செய்கிறது, பையனை அனுப்பலாம், கடைசியில் ஒரு உத்தியோகம் இருந்தால் போதும் என்று இந்தப் பதிவை இங்கேயே முடித்திருப்பேன்.

சத்யன் முடிக்க விடவில்லை.

1992ல் கோயம்புத்தூரில் கோவாவை 3-0 என்று அடித்து கேரளா சந்தோஷ் டிராஃபி வாங்கியபோது கேப்டன் அவர். 1995 டிசம்பரில் சென்னையில் சாஃப் விளையாட்டுப் போட்டியில் வங்கதேசத்தை வென்று இந்தியா தங்கம் வாங்கியபோதும் கேப்டன் அவர்தான். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன், பக்கத்து வீட்டு டி.வி.யில் பார்த்தேன். அப்புறம் அவருக்கு சென்னையில் இந்தியன் வங்கியில் வேலை. வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, நாற்காலி இருந்தது. 2006 ஜூலை 18 அன்று பல்லாவரத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 41. நான் வங்கியில் சேர்ந்து அடுத்த வருஷம். அவர் மனதில் என்ன இருந்தது என்று ஊகிக்க எனக்கு உரிமை இல்லை. 2018ல் ஜெயசூர்யா நடித்து 'கேப்டன்' என்று அவர் கதையை மலையாளத்தில் படம் எடுத்தார்கள். தியேட்டரில் பாதிக்கு மேல் எங்கள் கிளை கிளார்க்கின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஏனென்றால் அவருக்கும் சம்பளம் குறைவில்லை. குறைந்தது வேறு. காலையில் பத்து மணிக்கு அவரைப் பார்த்து, "நீ எதற்கு இங்கே இருக்கிறாய்" என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாருடைய முதுகும் சொன்னது. என் முதுகையும் சேர்த்து.

இது நம் நாட்டு நோய் மட்டும் இல்லை. ரக்பி என்று ஒரு முரட்டு ஆட்டம் இருக்கிறதே, அதில் 1995 ஆகஸ்ட் வரை காசு வாங்கி ஆடவே கூடாது. ஆடியவர்கள் எல்லாரும் வேறு தொழில்காரர்கள். வேல்ஸின் பெரிய ஆட்டக்காரர் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் எலும்பு முறிவு சர்ஜன்! ஆடி முடித்ததும் போய்ச் சேர அவருக்கு ஒரு இடம் இருந்தது. பிறகு பணம் வந்தது, படிப்பும் தொழிலும் பின்னுக்குப் போயின. விதிவிலக்கும் உண்டு. 170 சர்வதேச ஆட்டம் ஆடி உலக சாதனை வைத்திருக்கும் அலன் வின் ஜோன்ஸ் ஆடிக்கொண்டே சட்டப் பட்டம் வாங்கியவர். இன்னொரு பக்கம், 2003 உலகக் கோப்பை ஜெயித்த இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்சன், அந்தக் கோப்பையை ஜெயித்ததே ஞாபகம் இல்லை என்று 2020ல் சொன்னார். நாற்பத்திரண்டு வயதில் டிமென்ஷியா. தலையில் வாங்கிய இடிகள்.

நம் பிள்ளைகள் இப்போது நிற்பது அதே திருப்பத்தில்தான். 2014ல் ஐ.எஸ்.எல். வந்தபிறகு போலீஸ் வேலை, பேங்க் வேலை எல்லாம் பசங்களுக்குச் சின்னதாகத் தெரிகிறது. காண்டிராக்ட் பணம் அப்படி. ஆனால் காண்டிராக்டுக்கு பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது. எஃப்.சி. கொச்சின் 1997ல் ஆரம்பித்து அதே வருஷம் டூரண்ட் கோப்பை ஜெயித்தது. சில வருஷத்தில் மூடிவிட்டார்கள். பழைய கதை என்பீர்கள். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வைத்தார்கள், ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. நம்ம கன்யாகுமரிக் கடற்கரைப் பையன், இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ், இந்தியாவுக்கு ஆடியவர். 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முட்டி போய் அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். ஒரு ஆட்டம்!

வங்கி வேலையும் முன்பு மாதிரி இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு பழைய பென்ஷன் இல்லை, என்.பி.எஸ்.தான்.

என்னைக் கேட்டால், ஆட்டக்காரனை வேலைக்கு எடுக்கிற நிறுவனம் எதுவானாலும் சேர்ந்த முதல் வருஷமே இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, சீசன் இல்லாத மாதங்களில் அவனை உட்கார வைத்து உத்தியோகத்தைச் சொல்லிக்கொடுப்பது. தேர்வு எழுத வயதுச் சலுகை, லீவு இரண்டும் கொடுப்பது. இன்னொன்று, ஆடி முடித்தபிறகு அவன் கையில் ஆட்டத்தையே கொடுப்பது. பயிற்சியாளர் லைசென்ஸுக்கு அனுப்புங்கள், சின்னப் பசங்கள் அணியைக் கொடுங்கள். சத்யன் இருந்த அதே இந்தியன் வங்கி அணியில் ஆடிய சபீர் பாஷா கோச் ஆனார், சென்னையின் எஃப்.சி.யை 2022ல் கொஞ்ச நாள் தலைமைப் பயிற்சியாளராகவே நடத்தினார். முப்பது வருஷம் ஆட்டம் தெரிந்தவனை பாஸ்புக் பிரிண்ட் போட உட்கார வைப்பது எந்தக் கணக்கில் லாபம்? காமர்ஸ்காரனாகவே கேட்கிறேன்.

எங்கள் கிளார்க் விஷயம் பாதியில் நிற்கிறது. ஒரு வருஷம் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். முதல் மாதம் எரிச்சலோடு, பிறகு பழகிவிட்டது. அவர் வவுச்சர் கற்றுக்கொண்டார், நான் ஆஃப்சைடு கற்றுக்கொண்டேன். ஜே.ஏ.ஐ.ஐ.பி. மூன்றாவது முயற்சியில் பாஸ். ஆபீசர் ஆகவில்லை, ஆகவும் முயற்சி செய்யவில்லை. கிளையில் மட்டும் அவரை யாரும் முதுகால் பார்ப்பது நின்றது. இப்போது பொழியூர் பக்கம் மீனவர் குடியிருப்புப் பசங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் மணலில் பயிற்சி கொடுக்கிறார். சம்பளம் இல்லை, கட்டஞ்சாயா உண்டு.

போன ஞாயிறு பையனை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பார்த்தார். "இடது கால் நல்லா இருக்கு. வலது கால் வெறும் ஊன்றுகோல்" என்றார் தமிழில். பிறகு அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "கணக்கில் எத்தனை மார்க்?" என்று கேட்டார். பையன் என்னைப் பார்த்து முறைத்தான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக.

பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் காமர்ஸ் என்று எழுதியிருக்கிறோம், ஸ்போர்ட்ஸ் கோட்டா கட்டத்திலும் டிக் போட்டிருக்கிறோம். மாவட்டத் தேர்வு அடுத்த சனிக்கிழமை. வீட்டம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் நேற்று புது ஷூவுக்கு சைஸ் கேட்டாள்.