ஒரு கப் பழம் எத்தனை கிராம்?

சமையலில் 'கைப்பக்குவம்' என்றொரு சொல் உண்டு. ஜாம் நன்றாக அமைந்துவிட்டால் அவளுக்குக் கைப்பக்குவம் இருக்கிறது என்பார்கள். சீனி படிகம் கட்டி நறநறத்தாலோ, பத்தே நாளில் பூஞ்சணம் பிடித்தாலோ கைப்பக்குவம் போதாது என்பார்கள். குறிப்பில் எழுதியிருந்த அளவு சரிதானா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைத்தான் நாம் கேட்க விரும்புகிறோம்.

'நறுக்கிய பப்பாளி 2 கப், சம அளவு சீனி.' சமையற்குறிப்புகள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. சம அளவு என்றால் கப்பில் சமமா, எடையில் சமமா? இரண்டும் ஒன்றல்ல, தோழியரே!

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியலில் இதற்குக் கணக்கு இருக்கிறது. ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கிய பப்பாளி ஒரு கப் 145 கிராம். அதே பழத்தை மசித்து நிரப்பினால் 230 கிராம். பழத்தின் அடர்த்தியா மாறிவிட்டது? இல்லை. துண்டுகளுக்கு இடையே இருப்பது காற்று. கப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றையே நாம் அளந்து கொட்டுகிறோம். சீனியோ பொடி மணல் போல் இடைவெளியை நிரப்பிக்கொண்டு, கப்புக்குச் சுமார் 200 கிராம் நிற்கும்.

இனி இரண்டு பெண்கள் அந்தக் குறிப்பைப் பார்த்து, கப்புக்குக் கப் சீனி போட்டு ஜாம் செய்வதாகக் கொள்வோம். பெரிய துண்டாக நறுக்கியவளிடம் 290 கிராம் பழமும் 400 கிராம் சீனியும் இருக்கும். மசித்து அளந்தவளிடம் அதே 400 கிராம் சீனிக்கு 460 கிராம் பழம் இருக்கும். இருவரும் ஒரே நேரம் கொதிக்க வைத்தால் ஒருத்தியின் ஜாமில் சீனி மிஞ்சும்; மற்றவளுடையதில் நீர் மிஞ்சும். இருவருமே குறிப்பை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியவர்கள். ஆனால் ஏச்சு யாருக்கு? குறிப்புக்கு அல்ல!

பாட்டிமார் உழக்காலும் படியாலும் அளந்து சமைக்கவில்லையா என்று கேட்கலாம். அளந்தார்கள், அரிசியையும் பருப்பையும். எத்தனை முறை அளந்தாலும் அவை ஏறத்தாழ ஒரே எடைதான் வரும். மேலும் பாட்டிக்கு ஆயுள் முழுவதும் ஒரே டம்ளர், ஒரே அரிவாள்மணை. அவர் சொல்லும் அளவு அவர் அடுப்படியில் பிசகாது. அச்சில் ஏறி ஊரெல்லாம் போகும் குறிப்புக்கு அந்த வசதி ஏது? கப் என்பதுகூட அமெரிக்காவில் 237 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 250. நம் வீட்டு டம்ளர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் நாட்டில் மெட்ரிக் எடைகளுக்கு 1956-லேயே சட்டம் வந்தது. கடைக்காரர் பழத்தைக் கிலோவில்தான் நிறுத்துத் தருகிறார். வீட்டுக்கு வந்ததும் நாம் ஏன் கப்பைத் தேடுகிறோம்?

எல்லா வீட்டிலும் தராசு இல்லை என்பது உண்மைதான். ஆனால் சம எடைக்கு எடைக்கல்லே வேண்டாம். ஒரு கம்பின் இரு முனைகளிலும் ஒரே மாதிரியான இரண்டு தட்டுகளைக் கட்டி, நடுவில் கயிறு போட்டுத் தூக்கினால் தராசு ஆயிற்று. வெறுந்தட்டுகள் சமமாய் நிற்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒன்றில் பழம், மற்றொன்றில் சீனி. துண்டு பெரிதா சிறிதா என்று தராசு கேட்பதில்லை.

கையில் இருக்கும் பழைய குறிப்புகளை மாற்ற விரும்புவோர் நறுக்கிய பழம் ஒரு கப்புக்கு மாம்பழமும் அன்னாசியும் 165 கிராம், வாழைப்பழம் 150, பப்பாளி 145, ஆப்பிள் 125 என்று வைத்துக்கொள்ளலாம். பழக்கலவைக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை. அதில் ஒரு பிடி கூடினால் தின்பவருக்கு லாபம். ஜாமுக்கும் கேக்குக்கும் தேவை.

அடுத்த ஆண்டு மலருக்குச் சமையற்குறிப்பு எழுதும் தோழியர், 'தோலும் விதையும் நீக்கிய பப்பாளி 500 கிராம், சீனி 500 கிராம்' என்று எழுதித் தர வேண்டுகிறோம். கப்பில்தான் எழுதுவோம் என்பவர்கள் துண்டு எவ்வளவு பெரியது, கப் எத்தனை மில்லிலிட்டர் என்பதையாவது சேர்த்து எழுதட்டும்.